ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரிக்குக் கட்டுரை அனுப்பலாமா? அதன் இம்பேக்ட் ஃபேக்டர் எதைச் சொல்கிறது?

பார்மசி கல்லூரியில் பிஎச்டி செய்யும் ஒருவர் கேட்டிருப்பது இது. ரோடனின் என்ற கந்தகம் கொண்ட வளையத்தை வைத்து 22 புதிய சேர்மங்களைத் தயாரித்திருக்கிறார். எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களில் எம்டிடி சோதனை (எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று நிற மாற்றத்தால் பார்ப்பது) செய்ததில் ஐசி50 மதிப்புகள், அதாவது பாதி விளைவுக்குத் தேவைப்படும் செறிவுகள், 8 முதல் 19 மைக்ரோமோலார் வரை வந்திருக்கின்றன. கைனேஸ் என்ற நொதி வகையைச் சேர்ந்த ஒரு புரதத்தோடு டாக்கிங்கும் (சேர்மம் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது) முடித்தாகிவிட்டது. அவருடைய ஆய்வு வழிகாட்டியான கைடு, ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரிக்கு அனுப்பச் சொல்கிறார். ஆனால் அந்த இதழின் இம்பேக்ட் ஃபேக்டர் (ஒரு கட்டுரைக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள் கணக்கு) 8-க்கு மேல் இருந்தது, இப்போது 7-க்குக் கீழே வந்துவிட்டது. இதழின் தரம் இறங்குகிறதா, அது எந்த மாதிரி ஆய்வை எடுத்துக்கொள்ளும், அங்கே அனுப்பலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இதழின் தரம் இறங்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் நிலையில் இந்தக் கட்டுரை அங்கே ரிவ்யூவர் கைக்குப் போகும் முன்பே திரும்பி வந்துவிடும். அதற்கும் 8, 7 என்ற எண்களுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த இதழ் எதைக் கேட்கிறது என்று பார்த்தால் இது புரியும்.

இதழின் பின்னணி கொஞ்சம். 1959-ல் 'ஜர்னல் ஆஃப் மெடிசினல் அண்ட் ஃபார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி' என்ற பெயரில் இது தொடங்கியது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆல்ஃப்ரட் பர்கரும் லண்டனின் ஆர்னால்ட் பெக்கெட்டும் ஆரம்பித்து வைத்தவர்கள். 1962-ல் அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி (ஏசிஎஸ்) ஏற்று நடத்தத் தொடங்கியது. 1963-ல் இப்போதைய பெயர் வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் போர்டோகீஸ் 1972-லிருந்து 2011 வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், தலைமை எடிட்டராக இருந்தார். ஓபியாய்டு ஏற்பிகளில் பேர்போன ஆய்வாளர் அவர். இத்தனை நீண்ட காலம் ஒருவர் கையில் இருந்ததாலோ என்னவோ, இதழின் குணம் பெரிதாக மாறவே இல்லை. மாதத்துக்கு இரண்டு இதழாக ஆண்டுக்கு 24 வருகிறது.

அந்தக் குணத்தை ஒரே வரியில் சொல்லலாம்: ஒரு மூலக்கூறின் அமைப்புக்கும் உடலில் அது செய்யும் வேலைக்கும் உள்ள தொடர்பைப் புதிதாக விளக்க வேண்டும். இதழ் தன் நோக்கமாகச் சொல்லிக்கொள்வதும் இதுதான். நம் ஊரில் பலரும் இதை 'புதிய சேர்மம், கூடவே ஏதாவது ஒரு ஆக்டிவிட்டி' என்று படித்துக்கொள்கிறார்கள். புதிய சேர்மம் செய்வது கரிம வேதியியல். அதற்கு ஆக்டிவிட்டி பார்ப்பது ஸ்கிரீனிங். இந்த இடத்தில் இந்தத் தொகுதியை மாற்றினேன், அதனால் இது இப்படி ஆனது, ஆகவே அடுத்து இதைச் செய்தேன் என்று சங்கிலி போல நகர வேண்டும். அப்போதுதான் அது மெடிசினல் கெமிஸ்ட்ரி.

உதாரணத்துக்கு ஒரு கட்டுரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சிட்டாக்ளிப்டின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை உங்கள் வீட்டிலேயே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். 2022 ஜூலையில் இந்தியாவில் காப்புரிமை முடிந்தபின் பல கம்பெனிப் பெயர்களில் மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கண்டுபிடித்த கதை 2005 ஜனவரியில் இந்த இதழில்தான் வந்தது. எழுதியவர்கள் மெர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள்.

சாப்பிட்டவுடன் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரந்து இன்சுலினைத் தூண்டிவிடும். டிபிபி-4 என்ற நொதி அதைச் சில நிமிடங்களிலேயே வெட்டி வீணாக்கிவிடும். அந்த நொதியைத் தடுத்தால் ஹார்மோன் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். சரி, தடுப்பது எப்படி? மெர்க் குழுவிடம் பீட்டா அமினோ அமில அமைடு ஒன்று இருந்தது. நொதியை நன்றாகத் தடுத்தது. ஆனால் அதிலிருந்த பிப்பரசின் வளையத்தை உடல் வேகமாகச் சிதைத்துவிட்டது. அந்த வளையத்தோடு ஒரு டிரையசோலை ஒட்டி இரட்டை வளையமாக்கினார்கள், சிதைவு நின்றது. ஆனால் அந்த வளையத்தில் எத்தில் தொகுதி இருந்த சேர்மத்தை எலிக்கு வாய்வழி கொடுத்தால் ரத்தத்துக்கு அநேகமாக வந்து சேரவே இல்லை. எத்திலை எடுத்துவிட்டு டிரைஃப்ளூரோமெத்தில் வைத்ததும் உறிஞ்சல் நிமிர்ந்தது. அப்புறம் மறுமுனையில் இருந்த பென்சீன் வளையத்தில் ஃப்ளூரின் எத்தனை, எந்த இடத்தில் என்று மாற்றி மாற்றிப் பார்த்து, 2,4,5 ஆகிய மூன்று இடங்களில் வந்து நின்றார்கள். டிபிபி-4 மேல் ஐசி50 18 நானோமோலார், அதாவது 0.018 மைக்ரோமோலார்.

அதோடு விடவில்லை. இதே குடும்பத்தில் டிபிபி-8, டிபிபி-9 என்று உறவுக்கார நொதிகள் உண்டு. அவற்றையும் சேர்த்துத் தடுக்கும் சேர்மங்களால் எலிகளுக்கு முடி உதிர்வது, ரத்தத் தட்டணு குறைவது, ஏன் சாவு வரைக்கும் பார்த்திருந்தார்கள். அதனால் சிட்டாக்ளிப்டினை அவற்றின் மேலும் சோதித்தார்கள். டிபிபி-8-ஐத் தடுக்க 48 மைக்ரோமோலார் தேவைப்பட்டது, அதாவது 2,500 மடங்குக்கும் மேல் வித்தியாசம். 2006 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது.

இந்தக் கட்டுரையில் எந்த மாற்றமும் 'செய்து பார்ப்போமே' என்று செய்யப்பட்டதில்லை. முந்தைய சேர்மத்தில் ஏதோ ஒரு குறை, அதைத் தீர்க்க அடுத்த சேர்மம். அட்டவணையில் ஒவ்வொரு வரிசையும் ஒரு கேள்விக்குப் பதில். இதழின் எல்லாக் கட்டுரைகளும் மாத்திரையில் முடிவதில்லை, பெரும்பாலானவை முடிவதே இல்லை. ஆனால் கேட்கும் தர்க்கம் இதுதான்.

இனி எண்ணுக்கு வருவோம். இதே சிட்டாக்ளிப்டின் கட்டுரை அதையும் விளக்கிவிடும்.

இம்பேக்ட் ஃபேக்டர் என்பது மிக எளிய கணக்கு. 2022-க்கான எண் வேண்டுமென்றால், 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழில் வந்தவற்றுக்கு 2022-ல் மட்டும் கிடைத்த மேற்கோள்களை எண்ணுவார்கள். அதை அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வுக்கட்டுரைகள், மறுஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 2,000 கட்டுரைக்கு 14,000 மேற்கோள் என்றால் 7. அவ்வளவுதான். யூஜின் கார்ஃபீல்ட் 1955-ல் சயின்ஸ் இதழில் முன்வைத்த மேற்கோள் அட்டவணை யோசனையிலிருந்து வளர்ந்தது இது. நூலகங்கள் எந்த இதழை வாங்கலாம் என்று முடிவுசெய்யப் பயன்பட்ட கருவி. தனி ஆய்வாளரையோ தனிக் கட்டுரையையோ எடைபோட உருவானதல்ல. இப்போது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் மாதவாக்கில் வெளியிடுகிறது.

இப்போது சிட்டாக்ளிப்டினைப் பொருத்திப் பாருங்கள். 2005-ல் வந்த கட்டுரை 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கணக்கில் மட்டுமே சேரும். மருந்துக்கு அனுமதி கிடைத்ததே 2006 அக்டோபரில். உலகம் அந்த மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, மற்ற கம்பெனிகள் இதே வகையில் தாங்கள் செய்த கிளிப்டின் மருந்துகளோடு ஒப்பிட்டு எழுதத் தொடங்கி, அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் குவிந்த காலமெல்லாம் இம்பேக்ட் ஃபேக்டர் கணக்குக்கு வெளியே. மருந்து வேதியியலில் இது வழக்கம். ஒரு சேர்மம் செய்து, விலங்கில் சோதித்து, அதை இன்னொரு குழு எடுத்து நடத்தி எழுதவே மூன்று நான்கு ஆண்டு ஆகும். இரண்டாண்டுச் சாளரம் இந்தத் துறைக்குப் பொருந்தாத அளவுகோல். செல் உயிரியல் இதழ்களோடோ பொருளறிவியல் இதழ்களோடோ இந்த எண்ணை ஒப்பிடுவது அர்த்தமில்லாத வேலை.

அப்படியானால் 8 எப்படி 7-க்குக் கீழே போனது? 2021-க்கான எண் 8.039. 2022-க்கு 7.3. 2023-க்கு 6.8. வரிசையாகப் பார்த்தால் சறுக்கல் போலத்தான் தெரியும். ஆனால் 8.039-தான் வழக்கத்துக்கு மாறானது. கோவிட் காலத்தில் கொரோனா வைரஸின் புரோட்டியேஸ் என்ற நொதியைத் தடுக்கும் சேர்மங்கள் பற்றி வந்த கட்டுரைகளுக்கு உடனுக்குடன் மேற்கோள் குவிந்தது. ஃபைசரின் கீட்டோன் வகைத் தடுப்பான்கள் பற்றி 2020-ல் இந்த இதழில் வந்தது ஒரு நல்ல உதாரணம். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அச்சு இதழுக்கு முன்பே இணையத்தில் வெளியாகும் கட்டுரைகளில் உள்ள மேற்கோள்களையும் கிளாரிவேட் 2020-க்கான கணக்கிலிருந்து சேர்க்கத் தொடங்கியது. அதனால் பல துறைகளிலும் எண்கள் ஒரே தூக்காகத் தூக்கின. தொற்றுநோய் அலை ஓய்ந்ததும் இறங்கின. போட்டி இதழான யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியும் இதே போல ஏறி இறங்கியதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: 8.039 என்று மூன்று தசம இடம், 7.3 என்று ஒரே ஒரு இடம். 2022-க்கான எண்களிலிருந்து கிளாரிவேட்டே ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொண்டது. மூன்றாம் தசமத்தை வைத்துக்கொண்டு இதழ்களை வரிசைப்படுத்துவது அபத்தம் என்று இத்தனை நாள் கழித்தாவது தோன்றியதே.

அடுத்தது சராசரி செய்யும் குளறுபடி. மேற்கோள்கள் கட்டுரைகளிடையே சமமாகப் பரவுவதில்லை. பெர் செக்லன் 1997-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் காட்டியபடி, ஏறத்தாழ 15% கட்டுரைகளே பாதி மேற்கோள்களை அள்ளிக்கொள்கின்றன. இந்த இதழில் அப்படி அள்ளுபவை யாவை என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். பெரும்பாலும் அவை ஒரு குறிப்பிட்ட மருந்தின் கதைகள் அல்ல. டாக்கிங் செய்கிறவர்கள் எல்லோரும் காட்டும் 2004-ன் கிளைடு மென்பொருள் கட்டுரை. சுழலக்கூடிய பிணைப்புகள் 10-க்குள், துருவப் பரப்பு 140 சதுர ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் வாய்வழி உறிஞ்சல் நன்றாக இருக்க வாய்ப்பு என்று சொன்ன வெபர் குழுவின் 2002 கட்டுரை. உயிர்ச்சமத் தொகுதிகள் (ஒன்றுக்குப் பதில் ஒன்றை வைத்தாலும் உடலில் ஒத்த வேலை செய்யும் தொகுதிகள்) பற்றி நிக்கலஸ் மீன்வெல் 2011-ல் எழுதிய பெர்ஸ்பெக்டிவ் என்ற தொகுப்புக் கட்டுரை. இவையெல்லாம் கருவிகள், தொகுப்புகள். வெளியான புதிதில் இதழின் சராசரியை நிமிர்த்திப் பிடிப்பவை இந்த மாதிரிக் கட்டுரைகள்தாம். வழக்கமான ஒரு ஆய்வுக்கட்டுரைக்குக் கிடைப்பது அந்தச் சராசரியைவிடக் குறைவு. இம்பேக்ட் ஃபேக்டர் 7 உள்ள இதழில் போட்டால் என் கட்டுரைக்கு ஆண்டுக்கு 7 மேற்கோள் வரும் என்று நினைப்பது கணக்குப் பிழை. மறுஆய்வுகளை மட்டுமே போடும் மெடிசினல் ரிசர்ச் ரிவ்யூஸ் போன்ற இதழ்கள் இதே பிரிவில் பத்தைத் தாண்டி நிற்பதும் இந்தக் காரணத்தால்தான்.

மற்ற அளவைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எல்சேவியரின் சைட்ஸ்கோர் நான்காண்டுச் சாளரத்தைப் பயன்படுத்துகிறது, எனவே அந்த எண் பெரும்பாலும் பெரிதாகத் தெரியும். இம்பேக்ட் ஃபேக்டரோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். எச்-இன்டெக்ஸ் (எச் என்ற எண்ணிக்கையிலான கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது எச் மேற்கோள் பெற்றிருப்பது) பழைய, பெரிய இதழ்களுக்குத் தானாகவே கூடுதலாக இருக்கும். கியூ1 என்பது அந்தப் பாடப்பிரிவின் மேல் கால்பகுதியில் இதழ் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இந்த இதழ் மருந்து வேதியியல் பிரிவில் கியூ1-தான். எனக்குப் பிடித்தது மேற்கோள் அரை ஆயுள், அதாவது ஒரு இதழின் எவ்வளவு பழைய கட்டுரைகளை மக்கள் இன்னும் எடுத்துப் படிக்கிறார்கள் என்பது. இந்த இதழுக்கு அது நீளம். அதை எந்தத் தேர்வுக் குழுவும் கேட்பதில்லை.

அவர்கள் கேட்பது எது என்பது உங்களுக்கே தெரியும். யூஜிசியின் 2018 விதிமுறையில், இணைப் பேராசிரியர், பேராசிரியர் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஆய்வுப் புள்ளி போடும் அட்டவணையில், இம்பேக்ட் ஃபேக்டர் 1-க்குக் கீழ் என்றால் 10 புள்ளி, 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20, 5 முதல் 10 வரை 25, பத்துக்கு மேல் 30. இதை வைத்துப் பார்த்தால் 8.039-ம் 6.8-ம் ஒன்றுதான், இரண்டுக்கும் 25. ஆகவே உங்கள் கவலையில் பாதிக்கு இங்கேயே வேலை இல்லாமல் போகிறது. ஆனால் இந்த அட்டவணையின் கோளாறையும் பாருங்கள். மூன்று ஆண்டு உழைத்து இந்த இதழில் ஒரு கட்டுரை போட்டால் 25. அதே மூன்று ஆண்டில் 1.5 இம்பேக்ட் ஃபேக்டர் உள்ள இடங்களில் மூன்று போட்டால் 45. எந்தப் பக்கம் ஆள் சாய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பேப்பர் போடுவதே ஒரு தொழிலாகிப்போனதற்கு மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. பிஎச்டி முடிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022-ல் எடுத்துவிட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்களும் கைடுகளும் இன்னும் கேட்கிறார்கள்.

சரி, உங்கள் 22 சேர்மங்கள். இங்கே கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் எடுத்தது ரோடனின். அதன் ஐந்தாம் இடத்தில் பென்சால்டிஹைடு வகைகளைக் கோத்து, பென்சீன் வளையம் இரட்டைப் பிணைப்பால் ஒட்டிய ஆரைலிடின் செய்திருப்பீர்கள். பொதுவாக அதுதான் செய்வது, வினை சுலபம், விளைச்சலும் நன்றாக இருக்கும். இதே இதழில் 2010-ல் ஆஸ்திரேலியாவின் ஜொனதன் பேயல், ஜார்ஜினா ஹாலோவே இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்தப் புரதத்தை வைத்துச் சோதித்தாலும் 'ஆக்டிவ்' என்று வந்து ஏமாற்றும் சேர்ம வகைகளை அடையாளம் கண்டு, 480 துணை அமைப்புகளை வடிகட்டியாகத் தந்தார்கள். பெயின்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருப்பது ஆரைலிடின் ரோடனின். இவை புரதத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு வினை புரியலாம், உலோக அயனிகளைப் பிடிக்கலாம், கரைசலில் திரண்டு துகள்களாகி நொதியை மேலே ஒட்டவைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் மீட்டரில் தடுப்பு என்றுதான் தெரியும். இதழின் எடிட்டர்கள் இதைக் கேட்கிறார்கள்: இந்த வகைச் சேர்மம் என்றால், ஆக்டிவிட்டி உண்மையானது என்று வேறு முறைகளால் நிரூபியுங்கள். 2017-ல் ஏசிஎஸ் இதழ்களின் எடிட்டர்கள் பலர் சேர்ந்து தலையங்கமாகவே இதை எழுதினார்கள்.

உங்கள் கைடு உடனே எபால்ரெஸ்டாட்டைச் சொல்வார். ஜப்பானிலும் இந்தியாவிலும் சர்க்கரை நோய் நரம்புப் பாதிப்புக்கு விற்கும் மருந்து, அதுவும் ரோடனின்தான். நியாயமான வாதம். பெயின்ஸ் வடிகட்டியைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்துவதை எதிர்த்து 2017-ல் ட்ரோப்ஷா குழு எழுதியது. எஃப்டிஏ அனுமதித்த மருந்துகளில் 87-ல் இந்த எச்சரிக்கை அமைப்புகள் இருப்பதை அவர்கள் காட்டினார்கள். வடிகட்டியில் மாட்டினாலே குப்பை என்று அர்த்தமில்லை. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தோளில் ஏறிவிடுகிறது. எபால்ரெஸ்டாட்டுக்கு அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சேர்மங்களுக்கு நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நம் வீட்டுச் சமையலறையிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது: மஞ்சளின் குர்குமின். புற்றுநோய், அல்சைமர், மூட்டுவலி என்று அது குணப்படுத்தாத நோயே இல்லை என்னும் அளவுக்குக் கட்டுரைகள். 2017-ல் இதே இதழில் மினசோட்டாவின் கேத்ரின் நெல்சன், மைக்கேல் வால்ட்டர்ஸ் முதலானோர் அத்தனையையும் மெடிசினல் கெமிஸ்ட்ரி கண்ணாடி போட்டுப் படித்தார்கள். ரத்தத்தின் பிஎச் அளவில் குர்குமின் சீக்கிரமே சிதைந்துவிடுகிறது. வாய்வழி எடுத்தால் ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். புரதங்களோடு வினை புரிகிறது, தானே ஒளிர்கிறது, திரள்கிறது; அதாவது சோதனையைக் குழப்பும் வழிகளில் ஏறக்குறைய எல்லாமே அதனிடம் உண்டு. 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளை வைத்துப் பார்த்தும், யாருக்கு எது என்று இருபுறமும் மறைத்து பிளாசிபோவோடு (மருந்தில்லாத போலி மாத்திரையோடு) ஒப்பிட்ட சோதனை எதிலும் அது வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். ரசத்தில் மஞ்சள் போடுவதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, போட்டுக்கொள்ளலாம். குர்குமினை மருந்தாக்கும் தொடக்கச் சேர்மமாக வைத்துக்கொள்வது நடக்காத காரியம் என்பதுதான் அவர்கள் வாதம். ஆயிரம் முறைக்கும் மேல் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது. வேடிக்கை என்னவென்றால், 'குர்குமினுக்குப் பல்வேறு மருத்துவக் குணங்கள் உண்டு' என்ற வரிக்கு ஆதாரமாகவே அதை மேற்கோள் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இம்பேக்ட் ஃபேக்டர் கணக்கில் அதுவும் ஒரு மேற்கோள்தான்.

உங்கள் தரவில் எனக்கு உறுத்துவது பெயின்ஸைவிட இன்னொன்று. 22 சேர்மங்கள், எல்லாம் 8-லிருந்து 19 மைக்ரோமோலாருக்குள். குளோரோ வைத்தாலும் மெத்தாக்ஸி வைத்தாலும் நைட்ரோ வைத்தாலும் இரண்டரை மடங்குக்கு மேல் வித்தியாசம் இல்லை. எம்டிடி சோதனையில் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்குமே அந்த அளவு வித்தியாசம் வரும். அப்படியென்றால் பென்சீன் வளையத்தில் என்ன இருக்கிறது என்பது செல்லுக்கு ஒரு பொருட்டே இல்லை. அமைப்பை மாற்றினால் விளைவு மாறவில்லை என்றால், அமைப்புக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பைக் கேட்கும் இதழுக்கு என்னத்தை எழுதுவது? உண்மையான ஒரு குழிக்குள் போய்ப் பொருந்தும் சேர்மமாக இருந்தால் இந்த 22-ல் இரண்டு மூன்றாவது வேலை செய்யாமல் போயிருக்க வேண்டும். எல்லாமே வேலை செய்கிறது என்பது கொண்டாட வேண்டிய செய்தி அல்ல.

டாக்கிங் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கைனேஸை நொதியாக வாங்கி, உங்கள் சேர்மம் அதைத் தடுக்கிறதா என்று பார்க்காதவரை, டாக்கிங் படம் ஒரு யூகம் மட்டுமே. செல் செத்தது எம்டிடியில். கைனேஸில் அமர்ந்தது கணினியில். இரண்டையும் இணைக்கும் சோதனை ஒன்றுகூட இல்லை. பிணைப்பு ஆற்றல் மைனஸ் 9.2 கிலோகலோரி என்று கணினி சொன்னதை அட்டவணை போட்டாலும் எடிட்டர் முதலில் கேட்பது இதைத்தான்.

என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். முதலில், சோதித்த ஒவ்வொரு சேர்மத்துக்கும் எச்பிஎல்சி (கலவையைப் பிரித்துத் தூய்மை பார்க்கும் முறை) எடுத்து 95% தூய்மை இருக்கிறதா என்று பாருங்கள். இதழின் கறாரான விதி இது. என்எம்ஆர் சுத்தமாக இருக்கிறது என்பது போதாது. ஆரைலிடின் இரட்டைப் பிணைப்பு எந்த ஐசோமர் என்பதையும் தெளிவாக்குங்கள். அனுப்பும்போது எல்லாச் சேர்மங்களின் ஸ்மைல்ஸ் குறியீடுகளையும் (மூலக்கூறின் அமைப்பை எழுத்தில் எழுதும் முறை) தரவோடு ஒரு கோப்பாகக் கேட்பார்கள்.

பிறகு நல்ல நான்கு சேர்மங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நொதிச் சோதனை செய்யும் ஆய்வகம் எதையாவது பிடியுங்கள். அங்கே 0.01% டிரைட்டன் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டச் சொல்லுங்கள். டிடர்ஜென்ட் சேர்த்ததும் தடுப்பு காணாமல் போனால் அது துகள் திரண்ட மாயை. ஷாய்செட் குழு இந்தத் திரளும் சேர்மங்களைப் பற்றி 2002-ல் எழுதியதும் இதே இதழில்தான். சேர்மம் சிஸ்டீனோடு வினை புரிகிறதா என்று அறிய, டிடிடி போன்ற தயோல் (கந்தகத் தொகுதி உள்ள பொருள்) சேர்த்தும் பாருங்கள். செல்லில் இருக்கும் தயோலான குளூட்டாதயோனோடு கலந்து, எல்சி-எம்எஸ்ஸில் (பிரித்து நிறை பார்க்கும் கருவி) கூட்டுச் சேர்மம் உருவாகிறதா என்றும் பாருங்கள். எம்டிடியில் செல்லே இல்லாத குழிகளில் சேர்மத்தை மட்டும் போட்டு ஒரு கன்ட்ரோல் வேண்டும். சில சேர்மங்கள் தாமே எம்டிடியின் நிறத்தை மாற்றிவிடும். சாதாரண செல் வகை ஒன்றும் அவசியம். எல்லாச் செல்லையும் ஒரே அளவில் கொல்வதற்கு நச்சு என்று பெயர்.

இதில் தேறினால் அந்தக் கதையை எழுதி ஏசிஎஸ் மெடிசினல் கெமிஸ்ட்ரி லெட்டர்ஸ், பயோஆர்கானிக் அண்ட் மெடிசினல் கெமிஸ்ட்ரி லெட்டர்ஸ், கெம்மெட்கெம், ஆர்எஸ்சி மெடிசினல் கெமிஸ்ட்ரி போன்ற இடங்களில் ஒன்றுக்கு அனுப்பலாம். முழு ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி வேண்டுமென்றால் ரோடனினைவிட்டு நகர்ந்து, அந்தக் கந்தகத்தை எடுத்தால் என்ன ஆகிறது, வளையத்தையே மாற்றினால் என்ன ஆகிறது என்று இரண்டாவது சுற்று தேவைப்படும். அதுதான் சுவாரசியமான பகுதியும்கூட.

இணையத்தில் 'மெடிசினல் கெமிஸ்ட்ரி' என்று பெயரில் ஒட்டிக்கொண்டு எத்தனையோ இதழ்கள் அலைகின்றன. மெயிலில் 'மதிப்புக்குரிய பேராசிரியரே' என்று கூப்பிட்டு மூன்று நாளில் ஏற்பு தருகிறோம் என்பார்கள். 'குளோபல் இம்பேக்ட் ஃபேக்டர்', 'யுனிவர்சல் இம்பேக்ட் ஃபேக்டர்' என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். கிளாரிவேட்டின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்டில் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போட்டுத் தேடுவது இலவசம். ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் சந்தா வழியாக வெளியிட்டால் ஆசிரியரிடம் வெளியீட்டுக் கட்டணம் கேட்க மாட்டார்கள்; எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவைக்க விரும்பினால்தான் பணம். கல்லூரியில் இதழ் கிடைக்கவில்லை என்றால் ஒரு தேசம் ஒரு சந்தா திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களுக்கு அரசு மொத்தமாகப் பணம் கட்டியிருக்கிறது, அதில் அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியும் உண்டு.

கைடிடம் போகும்போது இம்பேக்ட் ஃபேக்டர் பேச்சை எடுக்காதீர்கள். எச்பிஎல்சிக்கும் நொதிச் சோதனைக்கும் எவ்வளவு செலவாகும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சிட்டாக்ளிப்டின் கட்டுரையின் முதல் அட்டவணையையும் உங்கள் 22 சேர்மங்களின் அட்டவணையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.